கையில் குச்சி வைக்கும் முன் கேட்க வேண்டியவை

கையில் வைக்கும் கருத்தடைக் குச்சி (இம்ப்ளான்ட்) ஒரு பெண்ணுக்குப் பொருந்துமா என்று பார்க்கப் பெரும்பாலும் ஸ்கேனும் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். தனியாக உட்கார வைத்துக் கேட்டாலே போதும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் பாதிப் பதில் வராது. அவர்களைச் சீட்டு வாங்க அனுப்பிவிடுங்கள்.

முதலில், கர்ப்பமில்லை என்று உறுதி செய்யுங்கள். "கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போம்மா?" மாதவிடாய் தொடங்கி 7 நாளுக்குள் என்றால் அன்றே வைக்கலாம். பிரசவமாகி 4 வாரம் ஆகாதவர், கரு கலைந்து 7 நாள் ஆகாதவர், கடைசி மாதவிடாய்க்குப் பின் உறவே இல்லாதவர், வேறு கருத்தடையைத் தவறாமல் கடைப்பிடிப்பவர் ஆகியோருக்கும் வைக்கலாம். குழந்தைக்கு 6 மாதம் நிரம்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதவருக்கும் அப்படியே. இவற்றில் எதிலும் சேராதவருக்குத்தான் சிறுநீர்ப் பரிசோதனை.

அடுத்தது நோய்கள். மார்பகப் புற்றுநோய் இப்போது இருந்தால் கூடவே கூடாது. இருந்து குணமானவருக்கும் பொதுவாக வேறு முறைதான். கல்லீரல் கட்டி, முற்றிய கல்லீரல் சுருக்கம், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம், லூபஸ், காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பிரஷர், சுகர், எப்போதோ வந்துபோன மஞ்சள் காமாலை, இன்னும் குழந்தை பெறாதது எதுவும் தடையில்லை. இவற்றைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம்.

மாத்திரைக் கேள்வியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். காசநோய் மாத்திரையை வீட்டுக்குத் தெரியாமல் விழுங்குகிறவர்கள் உண்டு. வலிப்பைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மறைத்தவர்களும் உண்டு. ஆகவே நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமாசெபைன், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் போன்றவை இம்ப்ளான்ட்டின் ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். கையில் குச்சியும் இருக்கும், வயிற்றில் கருவும் தங்கும். இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்குக் காப்பர்-டியோ அந்தாரா கருத்தடை ஊசியோ மேல்.

கடைசியாக, குச்சி வைத்த பின் வரும் உதிரப்போக்கு. சொட்டுச் சொட்டாகப் படலாம், நாள் நீளலாம், நின்றும் போகலாம். இவற்றால் உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தீட்டென்று அடுப்படிக்கும் சாமி அறைக்கும் விடாத வீடா என்று கேட்டுவிடுங்கள். குச்சியைப் பாதியில் எடுக்கச் சொல்லிப் பலர் வருவது இந்த உதிரப்போக்கால்தான்.

சம்மதித்தால், மாதவிடாய் தொடங்கி 5 நாள் தாண்டி வைப்பவருக்கு அடுத்த 7 நாள் ஆணுறை வேண்டும் என்று சொல்லுங்கள். வைத்த தேதியையும், எடுக்க வேண்டிய தேதியையும் (ஒற்றைக் குச்சிக்கு 3 ஆண்டு) அட்டையில் எழுதி, இடையில் எப்போது கேட்டாலும் எடுத்துவிடலாம் என்பதையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள்.