முடிந்துவிட்டதா, இன்னும் தொடர்கிறதா? ஆங்கிலக் கடிதத்தில் "ஹாவ்" வரும் இடம்

முதலில் ஒரு விடயம். பிரதேச செயலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ எழுதுவதைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. வடக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும் அதுவே. ஆங்கிலத்தில் எழுதினால்தான் கவனிப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் சில சர்வதேச நிறுவனங்களின் வீட்டு உதவி விண்ணப்பங்கள், தூதரகங்களுக்கான கடிதங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் குழுக்களிடம் கையளிக்கும் மனுக்கள் ஆங்கிலத்தில் கேட்கப்படுகின்றன. வழக்கமாக அவற்றை ஓ.எல். படிக்கும் பிள்ளை எழுதித் தரும், அல்லது பட்டணத்தில் பெட்டிசம் எழுதுபவர் எழுதித் தருவார். எழுதுவது யாராக இருந்தாலும் கையொப்பம் உங்களுடையது. ஆகவே ஆங்கிலம் முழுவதும் தெரியாவிட்டாலும், ஒரு சின்னச் சொல் உங்கள் கடிதத்தின் பொருளை எப்படி மாற்றுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். அந்தச் சொல் "ஹாவ்". அவன், அவள், அது என்று வரும்போது "ஹாஸ்". வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

இந்த இரண்டையும் பாருங்கள்.

"வீ லிவ்ட் இன் த காம்ப் ஃபோர் 27 இயர்ஸ்."
"வீ ஹாவ் லிவ்ட் இன் த காம்ப் ஃபோர் 27 இயர்ஸ்."

தமிழில் இரண்டையும் "27 வருடம் முகாமில் வாழ்ந்தோம்" என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு இவை இரண்டு வேறு செய்திகள். முதலாவது, வாழ்ந்தது முடிந்துவிட்டது, இப்போது அங்கே இல்லை என்கிறது. இரண்டாவது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம் என்கிறது. முகாமில் இன்னும் ஓலைக் கொட்டிலில் இருக்கும் ஒரு குடும்பம் முதல் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தால், கொழும்பில் அதை வாசிப்பவர் இவர்கள் ஏற்கெனவே ஊர் திரும்பிவிட்டார்கள் என்று எண்ணக்கூடும். அவர் உங்கள் கொட்டிலைப் பார்த்தவர் அல்ல. அவருக்குத் தெரிந்தது தாளில் இருப்பது மட்டும்தான்.

பள்ளிக்கூடக் கொப்பியில் முதலாவதற்கு "சிம்பிள் பாஸ்ற்" என்றும் இரண்டாவதற்கு "பிரசன்ற் பெர்பெக்ற்" என்றும் பெயர். பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை. உங்களையே கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: நான் சொல்வது முடிந்து போன கதையா, அல்லது இன்றுவரை நீளுகிறதா? முடிந்ததென்றால் "ஹாவ்" வேண்டாம். இன்றுவரை நீண்டால், அல்லது அதன் விளைவு இன்றும் உங்கள் கையில் இருந்தால், "ஹாவ்" வேண்டும்.

காணி விடயத்தில் இது இன்னும் முக்கியம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூனில் வெளியேறினார்கள். "த ஆமி ஒக்கியுபைட் அவர் லாண்ட் இன் 1990" என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அன்று நடந்ததை மட்டும் சொல்கிறது. இன்றும் அப்படியா என்பதற்கு அதில் பதில் இல்லை. "த ஆமி ஹாஸ் ஒக்கியுபைட் அவர் லாண்ட் சின்ஸ் 1990" என்றால் அன்று தொடங்கியது இன்றும் முடியவில்லை என்று பொருள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய காணிகளும் விடுவிக்கப்பட்டபோது, ஒரே குடும்பத்தின் ஒரு காணி கிடைத்து இன்னொன்று வேலிக்குள் நின்றிருக்கலாம். அப்படியானவர்கள் இரண்டு வடிவத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: "தே றிலீஸ்ட் அவர் ஹவுஸ் லாண்ட் இன் யூலை 2017. தே ஹாவ் நொற் றிலீஸ்ட் அவர் கார்டன் லாண்ட்." கிடைத்தது ஒரு நாளில் நடந்து முடிந்தது. கிடைக்காதது இன்னும் நிலுவையில் நிற்கிறது.

நாம் இதில் ஏன் தடுமாறுகிறோம்? தமிழ்தான் காரணம். "கிடைக்கவில்லை", "வரவில்லை", "தரவில்லை" என்ற சொற்கள் தமிழில் இரண்டு வேலையும் செய்யும். தொடர்கிறது என்று காட்ட "இன்னும்" என்று ஒரு சொல் சேர்ப்போம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே மாற வேண்டும். "வீ டிட் நொற் றிசீவ் த மணி" என்றால் அன்றைக்குக் கிடைக்கவில்லை, கதை முடிந்தது. "வீ ஹாவ் நொற் றிசீவ்ட் த மணி" என்றால் இன்னும் கிடைக்கவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கொடுப்பனவு நிலுவையில் இருந்தால் இரண்டாவதையே எழுதுங்கள்.

இன்னொரு பிழையும் தமிழிலிருந்துதான் வருகிறது. "1990 இலிருந்து இங்கே இருக்கிறோம்" என்பதை அப்படியே மாற்றி "வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 1990" என்று எழுதுவார்கள். விளங்கும், ஆனால் பிழை. "சின்ஸ்" வந்து, தொடங்கியது இன்றும் தொடர்கிறது என்றால் "வீ ஹாவ் லிவ்ட்" என்றே வரவேண்டும். "சின்ஸ்" என்பது தொடங்கிய நாளைச் சொல்லும். "ஃபோர்" என்பது எத்தனை காலம் என்பதைச் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. "ஹாவ்" போட்டால் ஆங்கிலம் கொஞ்சம் உயர்வாக இருக்கும் என்று எண்ணி எல்லா இடத்திலும் போட்டுவிடுவது. "வீ ஹாவ் லெஃப்ற் யாழ்ப்பாணம் ஒன் 30 ஒக்டோபர் 1995" என்பது பிழை. நாளோ வருடமோ "நேற்று", "போன மாதம்" என்பதோ சொல்லிவிட்டால் அந்த வினை முடிந்த காலத்தில் அடைபட்டுவிடும்: "வீ லெஃப்ற்". தமிழில் "95 இல் தென்மராட்சிக்குப் போயிருக்கிறேன்" என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் முடியாது. (அமெரிக்காவிலிருந்து வந்த உத்தியோகத்தர்கள் சில இடங்களில் "ஹாவ்" இல்லாமலே கதைப்பார்கள். அது அவர்கள் வழக்கம், குழம்ப வேண்டாம்.)

எழுதுவது மட்டுமல்ல, கேள்வியை வாசிப்பதிலும் இதே கவனம் வேண்டும். "ஹாவ் யூ எவர் றிசீவ்ட் ஹவுசிங் அசிஸ்ரன்ஸ்?" என்று படிவம் கேட்டால், அது இந்த வருடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் வாழ்நாளில் இன்றுவரை எப்போதாவது என்று கேட்கிறது. இந்திய வீட்டுத் திட்டத்திலோ வேறு திட்டத்திலோ, வேறு மாவட்டத்தில் இருந்தபோது பெற்றதும் அதில் அடங்கும். "இல்லை" என்று அடையாளமிட்டுவிட்டுப் பிறகு பழைய பதிவு வெளியே வந்தால், நீங்கள் மறைத்ததாகிவிடும். "யெஸ்" என்று எழுதி, கீழே விளக்குங்கள்: "வீ றிசீவ்ட் ரூஃபிங் ஷீற்ஸ் இன் 1997. வீ ஹாவ் நொற் றிசீவ்ட் எனி அசிஸ்ரன்ஸ் சின்ஸ் தென்."

காணி உறுதி தொலைந்தவர்கள் "ஐ ஹாவ் லொஸ்ற் மை டீட்" என்று எழுதினால் அது இன்றும் கையில் இல்லை என்று பொருள். காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துவிட்டீர்கள் என்றால்: "ஐ லொஸ்ற் மை டீட் இன் 1995, பட் ஐ ஹாவ் ஒப்ரெய்ன்ட் எ சேர்ற்றிபைட் கொப்பி."

கடைசியாக, காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி எழுதும் தாய்மாருக்கு. "மை சன் வோஸ் எ ஃபிஷர்மன்" என்று எழுதுபவர் யோசியாமல் எழுதிவிடுவார். அதை வாசிப்பவர் பிள்ளை உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். "ஹீ டிட் நொற் றிற்றேர்ன்" என்பதும் கதவைச் சாத்திவிடுகிறது. நீங்கள் சொல்ல நினைப்பது அதுவல்ல என்றால் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "மை சன் வென்ற் மிஸ்ஸிங் இன் ஏப்ரல் 2009. ஹீ ஹாஸ் நொற் றிற்றேர்ன்ட்." காணாமல்போன நாள் முடிந்த காலம். திரும்பி வராமல் இருப்பது இன்றுவரை. இதில் எழுதுபவர் மறுத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கையொப்பம் இடமுன் கடிதத்தை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் "ஹாவ்" அல்லது "ஹாஸ்" கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்டால், "இது இன்றும் உண்மையா?" என்று கேளுங்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க மூன்று வாக்கியங்கள்: "எங்கள் கிணறு இன்னும் துப்புரவாக்கப்படவில்லை." "2016 மார்ச்சில் பதிவு செய்தோம்." "பத்து வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம்." முதலாவதற்கும் மூன்றாவதற்கும் "ஹாஸ்", "ஹாவ்" வரும். இரண்டாவதில் மாதமும் வருடமும் சொல்லிவிட்டதால் வெறும் "வீ றெஜிஸ்ரேர்ட்" போதும்.