கருத்துத் திருட்டு: நெட், செட் முதல் தாளுக்கான முக்கியக் குறிப்புகள்

• பிறருடைய படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டிக்கொள்வதே கருத்துத் திருட்டு. வாக்கியத்தை எடுத்தால்தான் திருட்டு என்று விடையளித்தால் மதிப்பெண் போய்விடும்.

• பல்கலைக்கழக மானியக் குழு இதற்கான விதிமுறைகளை 2018 ஜூலையில் வெளியிட்டது.

• ஆய்வேட்டில் ஒப்புமை அளவும் தண்டனையும் (பலர் குழம்பும் பகுதி):
நிலை 0: 10% வரை. தண்டனை இல்லை.
நிலை 1: 10%க்கு மேல் 40% வரை. 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும்.
நிலை 2: 40%க்கு மேல் 60% வரை. ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது.
நிலை 3: 60%க்கு மேல். பதிவு ரத்து.
சரியாக 40% என்று கேட்டால் விடை நிலை 1. ஊதிய உயர்வு நிறுத்தம் ஆசிரியர்களின் வெளியீடுகளுக்கான தண்டனை. மாணவர் தண்டனையோடு கலந்து கேட்பார்கள், ஏமாற வேண்டாம்.

• கணக்கில் சேராதவை: முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், பொதுவான சமன்பாடுகள். பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் சொற்கள் என்றால் தொடர்ந்து 14 வரை விலக்கு உண்டு.

• சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. மூலத்தில் "தாது வருடப் பஞ்சம் உழவர்களை ஊரைவிட்டுக் கிளப்பியது" என்று இருக்கிறது. மாணவர் "தாது ஆண்டுப் பஞ்சம் விவசாயிகளை ஊரைவிட்டு வெளியேற்றியது" என்று எழுதுகிறார். மென்பொருள் இதை விட்டுவிடலாம். சான்று இல்லாவிட்டால் இது திருட்டுதான். சான்று போட்டாலும், அடுத்தவர் வாக்கியத்தில் நாலு சொல்லை மாற்றி வைத்ததைச் சொந்த நடை என்று சொல்ல முடியாது. மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதே நல்ல வழி. அப்படியே எடுப்பதானால் மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் நான்கும் வேண்டும். குறிப்பெடுக்கும்போதே பக்க எண்ணை எழுதிவிடுங்கள். ஆய்வேடு தரும் வாரத்தில் தேடினால் கிடைக்காது.

• தான் முன்பு வெளியிட்டதைச் சொல்லாமல் மறுபடி பயன்படுத்துவது தன்-கருத்துத் திருட்டு.

• புகாரை முதலில் விசாரிப்பது துறை அளவிலான குழு (3 பேர், துறைத் தலைவரே தலைவர்). அடுத்தது நிறுவன அளவிலான குழு (4 பேர்). ஒவ்வொன்றுக்கும் கெடு 45 நாள்.

• ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம் சோத்கங்கா. நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட். கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கும் திட்டம் சோத்சுத்தி (2019).

• பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால், நிறுவனக் குழு பரிந்துரைக்கும் காலத்துக்குப் பட்டம் நிறுத்திவைக்கப்படும். வாய்மொழித் தேர்வோடு எல்லாம் முடிந்தது என்ற விடை தவறு.