கைவிளையாட்டுக் கருவியின் உள்ளமைப்பை அறிதல்

கையில் அடங்கும் மின்னணு விளையாட்டுக் கருவியைக் கண்ட மாணவனுக்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஆட்டத்தில் வெல்வது எப்படி என்பது ஒன்று. எத்தனை உயிர் மீந்திருக்கிறது என்பதைக் கருவி எங்கே குறித்துவைக்கிறது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஆசிரியரின் துணை தேவையில்லை. இரண்டாவதற்கு விடை தேடும் மாணவன் கருவியைத் திறந்து பார்க்கிறான். அதற்காகக் கண்டிக்கவும் படுகிறான். இவ்வாறு திறந்து ஆராய்ந்து, மாற்றிப் பார்ப்பதற்கு ‘ஹேக்கிங்’ என்று பெயர். கணக்குகளில் புகுந்து திருடுவதையும் செய்தித்தாள்கள் இதே சொல்லால் குறிப்பதால், நல்லதொரு பயிற்சி வீணே பழிக்கு ஆளாயிற்று.

நிரலைப் படித்து ஆராயும் உரிமையைக் கொள்கையாகவே ஏற்ற நகரங்களுள் திருவனந்தபுரம் ஒன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் இங்குதான் தொடங்கப்பெற்றது. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளை வழங்குகிறது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களை அமைத்தது. அம்மன்றங்களில் மாணவர்கள் ‘ஸ்கிராட்ச்’ மொழியில் சிறு விளையாட்டுகளைத் தாமே ஆக்கப் பழகுகின்றனர். ஆக்கக் கற்றவர்க்கு, பிறர் ஆக்கியதை ஆராய்தல் அடுத்த படி. அதற்கு ஏற்ற பாடப்பொருள், 1989இல் ஜப்பானிய நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட ‘கேம் பாய்’ ஆகும். அதன் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயினும், முழுமையாக ஆராயப்பெற்ற எளிய கருவி அது. அதனைப் போலவே இயங்கும் ‘எமுலேட்டர்’ நிரல்கள் கட்டற்ற மென்பொருளாகக் கிடைப்பதால், பழைய கருவியைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இக்கருவியின் வேலை நினைவகம் 8,192 பைட் அளவினது. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொள்ளும். ஆட்டக்காரனின் உயிர், மதிப்பெண், நிற்கும் இடம் ஆகியவை பெரும்பாலும் இந்த 8,192 அறைகளுக்குள் உள்ளன. உயிர் எந்த அறையில் உள்ளது? திரையில் 3 உயிர் காணும்போது, 3 என்ற எண்ணுள்ள அறைகளை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். எண்கள் ஒரே சீராகப் பரவியிருந்தால் இவை 32 அறைகளே இருக்கும். உண்மையில் நினைவகத்தில் சிறிய எண்களே மிகுதியாதலால் கூடுதலாகவே கிடைக்கும். பின்னர் ஓர் உயிரை இழந்து, குறித்த அறைகளுள் 2 ஆக மாறியவற்றை மட்டும் நிறுத்திக்கொள்க. இவ்வாறு இரண்டு மூன்று முறை சலித்தால் ஓர் அறையோ இரண்டோ எஞ்சும். அதில் 9 என்று எழுதித் திரையைக் கண்டால் ஐயம் தீரும். ஒன்றை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாமல் வைத்து நோக்குதல் என்னும் ஆய்வுக்கூட முறையே இது. சில ஆட்டங்கள் உயிரை ஒன்று குறைத்து எழுதிவைப்பதும் உண்டு. மாணவர் ஏமாறும் இடமும் அதுவே, மிகுதியாகக் கற்கும் இடமும் அதுவே.

படங்களின் கணக்கு இன்னும் சுவையானது. திரை 160க்கு 144 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு நான்கு நிறச்சாயல்கள், அதாவது 2 பிட். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே எழுதினால் ஒரு திரைக்கு 5,760 பைட் வேண்டும். கருவியை அமைத்தவர்கள் அவ்வாறு செய்யவில்லை. 8க்கு 8 புள்ளியுள்ள ஓடுகளாகப் படத்தைப் பிரித்தனர். ஓர் ஓட்டுக்கு 16 பைட் போதும். திரை முழுவதும் 360 ஓடுகள். எந்த இடத்தில் எந்த எண்ணுள்ள ஓடு என்று 360 பைட்டில் சொல்லிவிடலாம். ஒரே செங்கல் ஓடு நூறு இடங்களில் வந்தாலும் அதன் உருவம் ஒருமுறையே எழுதப்படுகிறது. தரையில் ஓடு பதிப்பவரின் சிக்கனம் இது.

ஆட்டக் கோப்பிலேயே மாற்றம் செய்வோர் ஒரு தடையைச் சந்திப்பர். கோப்பின் 308ஆம் இடம் முதல் 332ஆம் இடம் வரையுள்ள 25 பைட்டுகளில் ஆட்டத்தின் பெயரும் பிற விவரங்களும் உள்ளன. 333ஆம் பைட் அவற்றின் சரிபார்ப்பு எண். பெயரில் ஓரெழுத்தை மாற்றினால் கணக்குப் பிசகி, உண்மைக் கருவி இயங்காது நின்றுவிடும். பூச்சியத்தில் தொடங்கி, ஒவ்வொரு பைட்டையும் கழித்து, அத்துடன் ஒன்றையும் கழித்து வருதலே இச்சரிபார்ப்பு. ஆகவே 65ஆம் எண்ணெழுத்தை 66 ஆக்கினால், சரிபார்ப்பு எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இதனை மாணவரே கண்டறியுமாறு விடுவது நன்று.

இஃதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று தலைமையாசிரியர் வினவலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1999இல் சேர்க்கப்பட்ட விதி இதற்கு விடை தருகிறது. ஒரு நிரல் எதற்காக வழங்கப்பட்டதோ அவ்வாறு அதனை இயக்கும்போது, அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காகக் கவனித்தலும் ஆராய்தலும் சோதித்தலும் மீறல் ஆகா. விற்பனை ஆட்டத்தைப் படியெடுத்து வகுப்பில் பங்கிடுவதற்கு இவ்விதி இடம் தரவில்லை. பதிப்புரிமையை மீறும் நோக்குடன் காப்புப் பூட்டை உடைப்பது 2012 முதல் தண்டனைக்குரியது. எனவே வகுப்பிற்கு, மூலநிரலோடு வெளியிடப்பெற்ற ‘தோபு தோபு கேர்ள்’ போன்ற ஆட்டங்களையே கொள்ளுதல் வேண்டும். 2017இல் வெளிவந்த இது கேம் பாய்க்கென்றே எழுதப்பட்டது.

கண்டறிந்ததைக் கையால் செய்து பார்க்கவும் வழியுண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பர் முதல் கேரள உயர்நிலைப் பள்ளிகளுக்கு அளிக்கப்பெற்ற ரோபோட்டிக் பெட்டிகளில் ஆர்டுயினோ பலகை, அழுத்து பொத்தான், ஒளியுமிழ் டையோடு, ஒலிப்பான் ஆகியவை உள்ளன. அப்பலகையின் நினைவகம் 2,048 பைட், கேம் பாயினதில் கால் பங்கு. விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்தி மதிப்பெண் பெறும் ஆட்டத்திற்கு அது தாராளம். முதன்முறை இயக்கும்போது, ஒருமுறை அழுத்தினாலும் மதிப்பெண் இரண்டோ மூன்றோ ஏறக் காணலாம். நிரலில் பிழையில்லை, பொத்தானின் உலோகத் தொடுமுனைகள் சில மில்லிவினாடிகள் துள்ளுகின்றன. அத்துள்ளல் அடங்கும்வரை காத்திருக்குமாறு ஒரு வரியைச் சேர்த்தால் எண்ணிக்கை நேராகிவிடும்.