உப்பளக் கரையில் ஆர்க்கிட் இல்லம்

பசுமை இல்லம் என்றதும் கண்ணாடிக் கூரையே நம் கண்முன் தோன்றுகிறது. அது குளிர்நாட்டார் வெப்பத்தைச் சிறைபிடிக்கக் கண்ட வழியாகும். இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1840-இல் முடித்த பெருங்கண்ணாடி மாளிகைக்கு எட்டுக் கொதிகலன்கள் வேண்டியிருந்தன. முதல் உலகப் போரில் நிலக்கரி கிட்டாமற்போகவே செடிகள் மடிந்தன. 1920-இல் மாளிகையும் இடிக்கப்பட்டது.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பத்துச் சதுர மீட்டரில், நான் திட்டமிட்டிருக்கும் இல்லத்தின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. இங்கே வெயிலை வெளியே நிறுத்த வேண்டும். உச்சிவேளையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. ஆகப் பத்து கிலோவாட்! பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலை கட்டினால், காசு மின்சாரமின்றி ஐந்து கிலோவாட் வெளியிலேயே நின்றுவிடும். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே சவுக்குக் கழிகளே போதும். கடற்பக்கம் சவுக்கு வேலியும் வேண்டும்.

வெப்பத்தைவிடப் பெரிய இடர் நீர்தான். ஆர்க்கிட் தொற்றுத் தாவரம். அதன் காற்று வேர்களைப் போர்த்திய வெலாமன் திசு மழைநீரை உறிஞ்சிப் பழகியது. எங்கள் கிணற்று நீரோ கரிக்கும். ஊற்றினால் வேர்நுனி கருகும். இருபது சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2000 லிட்டர் கிடைக்கும். நாளுக்குப் பத்து லிட்டர் வீதம் 200 நாட்களுக்கு, அதாவது மார்கழி தொடங்கி ஆனி வரை, அது வரும். ஐப்பசி, கார்த்திகை மழை இதனினும் பன்மடங்கு. தொட்டியின் கொள்ளளவே எல்லை. முதல் மழையை மட்டும் கூரையின் உப்புத் தூசியோடு வெளியேற்றிவிட வேண்டும்.

கிணற்று நீரும் வீணன்று. அதைத் தரை மணலில் தெளிக்கலாம். ஒரு லிட்டர் ஆவியாகையில் ஏறக்குறைய 2400 கிலோஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். உப்பு மணலிலேயே தங்கிவிடும். உப்பளப் பாத்தியில் நாள்தோறும் நடப்பது இதுவே அன்றோ! ஈரக் கடற்காற்று வீசும் பிற்பகலில் இதனால் பயன் குறைவு. ஆனி, ஆடியில் மேல்காற்று வறண்டு வீசும் முற்பகலே உகந்தது.

செடித் தேர்விலும் சிக்கனம் உண்டு. ஃபெலனாப்ஸிஸ் பூக்கச் சில வாரங்களேனும் குளிர்ச்சி வேண்டும். அதற்காகக் குளிர்சாதனம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தகையவை மலைக்கு உரியவை. ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் மலை இனங்களைக் காணலாம். நமக்குச் சமவெளி மரங்களில் தானே வளரும் வாண்டா டெஸல்லேட்டாவும், வெப்பம் தாங்கும் டென்ட்ரோபியக் கலப்பினங்களும் போதும். தடித்த இலையுடைய வாண்டா இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கிறது. ஆதலால் காற்று ஓய்ந்த இரவுகளில் மட்டும் 50 வாட் மின்விசிறி ஒன்றை நான்கு மணி நேரம் ஓட்டலாம், செலவு 0.2 யூனிட்.