காப்பகப் பூனை வீட்டுக்கு வருகிறதா?

முதல் சில நாட்களுக்கு முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஓர் அறை போதும். அங்கே தண்ணீர், உணவு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். மணல் தட்டு உணவிலிருந்து தள்ளியே இருக்கட்டும். கட்டிலுக்கடியில் பதுங்கினால் இழுக்கவே கூடாது, பாவம். பயம் தெளிந்ததும் தானே வரும். அதுவரை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெல்லப் பேசுங்கள்.

காப்பகத்தில் தின்ற உணவையே முதலில் கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு வரும். பால்கனிக்கு வலை அடித்த பிறகே அந்தக் கதவைத் திறக்கலாம். பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறிக்கும். அலமாரியில் பூட்டி வையுங்கள்.

24 மணி நேரம் எதுவுமே தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி நீடித்தால் பூனையின் கல்லீரல் கெட்டுவிடும்.