அடுத்த நிலைக்கு ஒரு லட்சமா?

கேள்வி: என் கணவர் 25 ஆயிரம் கட்டி, இரண்டு நாள் ஆளுமைப் பயிற்சிக்குப் போய்வந்தார். காலை 5 மணிக்கு எழுவது ஒன்பதாம் நாளே நின்றுவிட்டது. கழுத்தில் மாட்டிய அட்டை மட்டும் சுவரில் தொங்குகிறது. 'அடுத்த நிலை'க்கு ஒரு லட்சமாம். வாழ்க்கை மாறுமா?
- வாசகி, கே.கே. நகர், திருச்சி

பதில்: எட்டு நாள் மாறியதே! பயிற்சி அரங்கில் பாட்டும் கைதட்டலும் தந்த தெம்பு அவ்வளவுதான் தாங்கும். 1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் டேல் கார்னகி மேடைப் பேச்சு வகுப்பெடுத்தபோது, வந்தவர்களையே எழுந்து பேச வைத்தார். பேசப் பேசக் கூச்சம் விலகியது. அது பயிற்சி. இங்கே பேசுவது மேடையில் இருப்பவர். உங்கள் வீட்டுக்காரர் கைதட்டுகிறார். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' என்ற தன்னம்பிக்கைப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள், சில நூறு ரூபாய்தான். அந்த ஒரு லட்சத்தைக் கட்ட விடாதீர்கள்.