முட்டி வலியா? தண்ணீரில் நடந்து பாருங்கள்

வடசென்னை மூத்த மகளிருக்கான உடற்பயிற்சியும் உணவும்

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய், மதியம் வரை பலகையில் உட்கார்ந்து விற்ற அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். "முட்டி போச்சும்மா, மாடிப்படி ஏற முடியல" என்பார்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தெருக்குழாயிலும் லாரியிலும் தண்ணீர் பிடித்துச் சுமந்தவர்களுக்கும் இதே கதைதான். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதாவது இடுப்பில் 15 கிலோ. இத்தனை வருஷம் நீங்கள் தண்ணீரைச் சுமந்தீர்கள். இனி கொஞ்ச நேரம் தண்ணீர் உங்களைச் சுமக்கட்டும்.

வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டா?

முட்டி வலித்தால் நடப்பதைக் குறைக்கிறோம். நடை குறைந்தால் தொடைத் தசை மெலிகிறது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். அது மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும், வலி கூடும். கூடவே நடையில் தள்ளாட்டம் வரும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வலு இழப்பதால், குளியலறையில் ஒரு முறை வழுக்கினாலே இடுப்பெலும்பு முறியலாம். அப்புறம் படுக்கை, பிள்ளைகளை எதிர்பார்க்கும் நிலை. ஆகவே ஓய்வு மட்டுமே மருந்து ஆகாது. வலிக்காத விதத்தில் அசைய வேண்டும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உங்கள் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். மார்பளவில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 60 கிலோ எடையுள்ளவரின் கால்கள் சுமார் 20 கிலோவை மட்டும் தாங்கினால் போதும். அதே நேரத்தில் தண்ணீர் ஒவ்வோர் அசைவையும் தடுக்கும். அந்தத் தடையைத் தள்ளும்போது தசைக்கு வேலை கிடைக்கிறது. கால் இடறினாலும் தரையில் விழுவதுபோல் அடிபடாது.

இது அற்புத சிகிச்சை இல்லை. முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, நீர்ப் பயிற்சியால் வலியும் சிரமமும் ஓரளவு குறைவதாகச் சொல்கிறது. அந்த "ஓரளவு" கிடைத்தாலே வீட்டைச் சுற்றி நடக்கத் தைரியம் வரும்.

எங்கே செய்யலாம், எங்கே கூடாது?

"பக்கத்துலயே கடல் இருக்கே" என்று நினைக்க வேண்டாம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள் வழுக்கும். அலையும் காலை இழுக்கும். எண்ணூர் முகத்துவாரமும் வேண்டாம். அங்கே ஆலைக் கழிவுகள் கலக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் படர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கண்காணிப்பாளர் இருக்கும் நீச்சல் குளம்தான் சரி. சென்னை மாநகராட்சிக்குப் பெரியமேடு மைலேடி பூங்காவிலும் மெரினாவிலும் குளங்கள் உண்டு. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் நேராக சென்ட்ரல் வந்தால் பெரியமேடு பக்கம்தான். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை. குளம் திறந்திருக்கிறதா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, கட்டணம் என்ன, என்ன உடை அணிய வேண்டும் என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

"இந்த வயசுல குளத்துல இறங்கினா நாலு பேர் சிரிப்பாங்களே" என்ற கூச்சம் பலருக்கும் இருக்கிறது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை, தலை நனைய வேண்டியதில்லை. தெருவில் நாலு பேர் சேர்ந்து போனால் கூச்சம் பாதி போய்விடும். சேலை காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால் அதோடு இறங்கக் கூடாது. முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடைகளும் கடைகளில் கிடைக்கின்றன.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள்

கழுத்தளவு, மார்பளவு நீரில் நிற்கும்போது ரத்தம் நெஞ்சுப் பக்கம் கூடுதலாகத் தள்ளப்படுகிறது. எனவே இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூச்சு வாங்குதல், வலிப்பு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இறங்கவே கூடாது. ஆறாத புண், தோல் தொற்று, வயிற்றுப்போக்கு இருந்தால் குணமாகும் வரை காத்திருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். கரையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் வைத்திருங்கள். ரப்பர் செருப்பு அணியுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைத் துடைத்து, காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முப்பது நிமிடப் பாடம்

ஆழம் குறைந்த பக்கம், கைப்பிடிக் கம்பி அருகே நில்லுங்கள்.

1. முதல் 5 நிமிடம் மெதுவாக முன்னும் பின்னும் நடை.
2. அடுத்த 5 நிமிடம் பக்கவாட்டில், நண்டு போல நடை.
3. கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல் - 10 முறை.
4. ஒரு காலை நீட்டியபடி பக்கவாட்டில் தூக்கி இறக்குதல் - ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.
5. நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பாதி குனிந்து எழுதல் - 8 முறை. வலித்தால் ஆழத்தைக் குறையுங்கள்.
6. உள்ளங்கையால் தண்ணீரை முன்னே தள்ளி, பின்னே இழுத்தல் - 10 முறை.
7. கடைசி 5 நிமிடம் மீண்டும் மெதுநடை.

பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் வேகம் சரி. பேச்சு திக்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே கரையேறுங்கள், தேவைப்பட்டால் 108. தண்ணீருக்குள்ளும் வியர்க்கும் என்பதால் முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள்.

குளத்துக்குப் போக முடியாதவர்களுக்கு

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மெதுவாக எழுந்து உட்காருங்கள். உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணும் வரை வைத்திருங்கள். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மூட்டைச் சோதிக்க ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

தட்டில் என்ன இருக்கணும்?

பயிற்சி செய்தால் போதாது. தசைக்குத் தீனி வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 60 கிலோ எடைக்கு சுமார் 50 கிராம். நம் வீடுகளில் நடப்பது என்ன? மீனைப் பிள்ளைக்கும் பேரனுக்கும் வைத்துவிட்டு, அம்மா மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார். தயவுசெய்து உங்கள் துண்டை நீங்களே எடுத்து வையுங்கள்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலிலும் அதே அளவு, 100 கிராம் மீனில் 18 கிராமுக்கு மேல். சைவம் என்றால் சுண்டல், பாசிப்பயறு, தயிர். இட்லிக்கு வெறும் சட்னி வேண்டாம்; கெட்டியான பருப்பு சாம்பார் சேருங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் முள்ளோடு சாப்பிடும் சின்ன நெத்திலி, இடையில் மோர் என்று வைத்துக்கொண்டால் நல்ல பங்கு கிடைத்துவிடும். கூழுக்குக் கருவாடு தொட்டுக்கொள்ளத் தோன்றும். ஆனால் ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அதைச் சீக்கிரம் தாண்டிவிடும். கருவாட்டுக்குப் பதில் வெங்காயம், கீரைப் பொரியல் வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கேட்டால் கிடைக்கும்

திருவொற்றியூரிலிருந்து பெரியமேடு வரை போய்வருவது எல்லோராலும் முடியாது. உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் பேசி, மூத்த பெண்களுக்கு வாரம் இரண்டு நாள் தனி நேரமும், பயிற்சியாளரும், பக்கத்தில் ஒரு குளமும் வேண்டும் என்று எழுதுங்கள். பகுதி சபைக் கூட்டத்திலும் மண்டல அலுவலகத்திலும் அந்த மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உடல்நல சந்தேகத்துக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களை செல்போனில் பதிந்து வையுங்கள்.

இன்று சாயங்காலமே நாற்காலிப் பயிற்சியை 5 முறை செய்யுங்கள். நாளைக்கு பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள்.